கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பா: ஒரு சின்ன வரலாறு

1. இன்னிக்குக் கொஞ்சம் நீளமான த்ரெட். இதில் வரலாறும் இருக்கு, மருத்துவமும் இருக்கு. வீட்டில் பந்து விளையாடுற பையன் இருந்தால் கட்டாயம் கடைசி வரை வாசிங்க. அவனுக்கு எத்தனை வயசு ஆகியிருந்தாலும் சரி.

2. கொல்லிமலை பெரக்கரை நாட்டில் இருந்து ஒரு அப்பா குரல் பதிவு அனுப்பியிருந்தார். "டாக்டருங்க, பையனுக்கு 28 வயசு ஆச்சுங்க. கல்யாணம் ஆகி ஒரு கொழந்தையும் இருக்குது. இன்னமும் ஞாயித்துக்கெழம ஆனா பந்து வெளையாடப் போயிடறானுங்க. நானும் பின்னாலயே போயி ஓரமா நின்னு பாப்பேன். அவன் ஓடறப்ப எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. வெளையாடறப்பவே செத்துப் போயிட்டாங்கன்னு வேற பேப்பர்ல போடறாங்க. இவன வேண்டாம்னு சொல்லிடட்டுங்களா?"

3. நல்ல கேள்வி. இதுக்குள்ள ரெண்டு இதயம் இருக்கு. கோட்டுக்கு உள்ளே ஓடுற மகனோடது ஒண்ணு, வெளியே நிற்கிற அப்பாவோடது ஒண்ணு. இரண்டைப் பற்றியும் பேசுவோம். அதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி. பெத்தவங்க மைதான ஓரத்தில் வந்து நிற்கிற பழக்கம் எப்போ, எப்படி வந்தது?

4. இந்தியாவுக்குக் கால்பந்து வந்தது வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு. 1888ல் சிம்லாவில் டூரண்ட் கோப்பை தொடங்கியது. ஆடியவர்கள் சிப்பாய்கள், பார்த்தவர்களும் பெரும்பாலும் சிப்பாய்கள்தான். அவர்களைப் பெத்தவங்க ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாங்க. மகன் பந்து ஆடுகிறான் என்று கடிதத்தில் படித்திருப்பார்கள், அவ்வளவுதான்.

5. 1911 ஜூலை 29. கல்கத்தாவில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐஎஃப்ஏ கேடயத்தைத் தூக்கியது. ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்கால். அன்றிலிருந்து இது நம்ம ஆட்டமும் ஆச்சு. ஊர் கூடிப் பார்க்கிற ஆட்டமும் ஆச்சு.

6. தெற்கே எப்படி? இங்கே கால்பந்து வேர் பிடித்த இடங்களைப் பாருங்க. படை முகாம், ரயில்வே, துறைமுகம், மில், மிஷன் பள்ளி. சென்னையில் பெரம்பூர் பக்கம் மில்லும் ரயில்வே பணிமனையும் இருந்ததால், ஷிஃப்ட் முடிந்த தொழிலாளிக்குப் பந்தும் பக்கத்திலேயே இருந்தது. பெங்களூரில் தண்டு என்று நம்ம ஆட்கள் சொல்கிற கன்டோன்மென்ட் பகுதியில் குடியேறிய தமிழர்கள், பட்டாளத்தைப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றார்கள். இன்னிக்கும் அல்சூர் பக்கம் கௌதம்புரா போனால் பெலேவுக்குச் சிலை இருக்கும். அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவும் நிற்கிறார்.

7. அந்தப் பெங்களூர் மண்ணில் இருந்து போனவர்தான் சாரங்கபாணி ராமன். 1948 ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக். பிரான்ஸுக்கு எதிராக இந்தியா. 70வது நிமிடத்தில் ராமன் அடித்த கோல்தான் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோல். கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று ஜெயித்தது. நம்ம பசங்க பாதிப்பேருக்கு மேல் காலில் பூட்ஸ் இல்லை.

8. யோசித்துப் பாருங்க. அந்தக் கோலைப் பெத்தவங்க யாரும் கண்ணால் பார்த்திருக்க வழியே இல்லை. இந்தியாவில் தொலைக்காட்சி வந்ததே 1959ல், அதுவும் டெல்லியில் மட்டும். சென்னைக்கு அது வர 1975 ஆனது. அதுவரைக்கும் மகன் பெரிய ஆளாக ஆக, பெத்தவங்க கண்ணில் இருந்து தூரமாகப் போய்க்கொண்டே இருந்தான். ரோமில் ஆடினாலும் மெல்போர்னில் ஆடினாலும் மறுநாள் பேப்பர்தான்.

9. ஆக, பெத்தவங்க தங்கள் கண்ணால் பார்த்த கால்பந்து என்றால் அது உள்ளூர்க் கால்பந்துதான். தெரு மைதானம், கோயில் திடல், பள்ளி கிரவுண்டு, சர்ச் பின்னாடி மணல். சரித்திரப் புத்தகத்தில் அந்த ஆட்டங்களுக்கு இடமே கிடையாது. ஆனால் குடும்பம் என்று பார்த்தால், கால்பந்தின் வரலாறு அங்கேதான் நடந்தது.

10. அடுத்த மாற்றம் வேலையால் வந்தது. ரயில்வே, வங்கி, போலீஸ், மின்வாரியம், ஐசிஎஃப் என்று நிறுவனங்கள் அணி வைத்தன. நல்லா ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. இது தெரிந்த நாளில் இருந்து ஏழை வீட்டு அப்பா மைதானத்தைப் பார்க்கிற பார்வையே மாறிப்போச்சு. அதுவரை "பந்து சோறு போடுமா?" என்று கேட்டவர், "போட்டாலும் போடும்" என்று ஓரத்தில் வந்து நின்றார். அவர் பார்த்தது ஆட்டத்தை மட்டும் இல்லை. ஒரு நிரந்தர வேலையை, ஒரு பென்ஷனை, தங்கச்சி கல்யாணத்தை.

11. வடசென்னை வியாசர்பாடி இதற்குச் சாட்சி. நெருக்கடியான வீடுகள், குறைந்த இடம், அதற்குள் ஒரு மைதானம். அங்கே குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காகவே பயிற்சி நடந்து, பலர் கல்லூரிக்கும் வேலைக்கும் போனார்கள். அங்கிருந்து வந்த தனபால் கணேஷ், 2018 மார்ச் 17 அன்று ஐஎஸ்எல் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்சி அணியில் இருந்தார். அந்தத் தெருக்களில் இன்னிக்கும் ஒரு பையன் காலில் பந்து பட்டால் நாலு வீட்டு வாசலில் இருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

12. அப்படியே தெற்கே, தமிழ்நாட்டின் கடைசி முனைக்கு வாங்க. கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டித் தூத்தூர் மண்டலம் இருக்கு. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என எட்டு மீனவ ஊர்கள். கடற்கரை மணல்தான் மைதானம். மணலில் ஓடிப் பழகிய கால், புல்லில் இறங்கினால் பறக்கும்.

13. இரவிபுத்தன்துறையில் இருந்து வந்தவர்கள் மைக்கேல் ரெஜின், மைக்கேல் சூசைராஜ் சகோதரர்கள். சூசைராஜ் சென்னை சிட்டியில் ஆடி, ஜாம்ஷெட்பூர் போய், கொல்கத்தா வரை போனார். ஒரு சின்னக் கடற்கரை ஊரில் இருந்து ஒரே வீட்டின் இரண்டு பிள்ளைகள் நாட்டின் மேல்மட்டக் கால்பந்துக்குப் போவது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

14. ஆனால் இந்த ஊர் அப்பாக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவர்கள் ஆழ்கடல் மீனவர்கள். சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் கடலில் இருப்பவர்கள். மகன் ஆடும் டோர்னமென்ட் ஃபைனல் நடக்கும்போது அப்பா கரையில் இருப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மணலில் நிற்பது அம்மா, தாத்தா, தம்பி. அப்பா ஒரு ஆட்டத்துக்கு வந்து நிற்கிறார் என்றாலே அது திருவிழா.

15. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் அதிகமான மீனவர்கள் திரும்பவில்லை. அவர்களில் தூத்தூர் மண்டலத்துக்காரர்கள் ஏராளம். அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைகளும் உண்டு, பிள்ளையைப் பறிகொடுத்த அப்பாக்களும் உண்டு. வந்து நின்று பார்க்க ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் கரையில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

16. சரி, மலைக்கு வருவோம். கொல்லிமலையில் பெரக்கரை நாடு உட்பட 14 நாடுகள். காரவள்ளியில் இருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் விளையும் சரிவு நிலம். ஒரு கோல் போஸ்டில் இருந்து இன்னொரு கோல் போஸ்ட் வரைக்கும் சமமான தரை கிடைப்பதே பெரிய விஷயம். பந்து எல்லை தாண்டிப் போனால் அது எங்கே போய் நிற்கும் என்று மலைக்காரர்களுக்குத்தான் தெரியும்.

17. இந்த மலை கால்பந்துக்குப் பேர்போன ஊர் இல்லை. இங்கே ஆடுகிற 28 வயசுக்காரனைத் தேர்வு செய்ய எந்த அணியில் இருந்தும் ஆள் வரப்போவதில்லை. வேலை ஒதுக்கீட்டு வயசும் கிட்டத்தட்டப் போயாச்சு. இது அந்த மகனுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

18. அப்போ அவர் எதுக்குப் பின்னாலேயே போய் நிற்கிறார்? வேலைக்காக இல்லை, கோப்பைக்காக இல்லை, பேப்பரில் பேர் வருவதற்காகவும் இல்லை. வாரம் பூரா வேலை, கடன், குடும்பம் என்று ஓடுகிற பையன் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பழைய பையனாக ஓடுவான். அதைப் பார்க்கப் போகிறார். வீட்டில் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினால் பத்து வார்த்தை தாண்டாது. மைதானத்தில் பேசவே வேண்டியதில்லை. நூறு வருஷமாக நம்ம ஊர்க் கால்பந்து உயிரோடு இருப்பதில் இந்த மாதிரி ஆட்களுக்கும் பங்கு இருக்கு. இவர்களுக்கு யாரும் மாலை போட்டதில்லை.

19. இப்போ நெஞ்சுக்கு வருவோம். முதலில் அப்பாவின் நெஞ்சு.

20. 2006ல் ஜெர்மனியில் உலகக் கோப்பை நடந்தபோது, மியூனிக் நகரத்து மருத்துவர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் அவசர இதயப் பிரச்சினைகள் சாதாரண நாட்களைவிட 2.66 மடங்கு. ஏற்கனவே இதய ரத்தக்குழாய் நோய் இருந்தவர்களுக்கு இன்னும் அதிகம். இதற்கு முன்பே இங்கிலாந்தில் ஒரு கணக்கு உண்டு. 1998 ஜூன் 30ல் அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோற்ற அன்றும் அடுத்த இரண்டு நாட்களும், மாரடைப்புக்காகச் சேர்ந்தவர்கள் 25 சதவீதம் கூடினார்கள்.

21. அவங்க டிவியில் பார்த்தது யார் பெத்த பிள்ளைகளையோ. நீங்க பார்க்கிறது நீங்க பெத்த பிள்ளையை. படபடக்காமல் என்ன செய்யும்? அட்ரினலின் சுரக்கிறது, துடிப்பு கூடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆட்டம் முடிந்து கொஞ்ச நேரத்தில் அடங்கினால் பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இல்லை.

22. ஆனால் அய்யா, உங்களுக்கு 50 தாண்டியிருக்கும். பிரஷர், சுகர் பார்த்து எத்தனை நாள் ஆச்சு? படபடப்போடு நெஞ்சை அழுத்துகிற வலி, வியர்வை, மூச்சு வாங்குவது, இடது கை அல்லது தாடைக்கு வலி பரவுவது, தலைசுற்றல் இருந்தால் அது பாசம் இல்லை, நோய். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒருமுறை பிரஷர், சுகர், ஈசிஜி பார்த்துவிடுங்க. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்று விட்டுவிடாதீங்க. மைதானத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டே போங்க.

23. அடுத்தது மகனின் நெஞ்சு. விளையாடும்போது இளம் வீரர் திடீரென்று இறப்பது மிக மிக அரிது. பல பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு நடப்பது. நடக்கும்போது பேப்பரில் வருவதால் அடிக்கடி நடப்பது போலத் தெரிகிறது. 35 வயசுக்குக் கீழே பெரும்பாலும் பிறவியிலோ பரம்பரையிலோ வந்த இதயக் கோளாறுகள்தான் காரணம். இதயத் தசை தடித்துப்போவது, ரத்தக்குழாய் தவறான இடத்தில் பிறப்பது, இதயத்தின் மின்னோட்டக் கோளாறு. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இதயத் தசையில் வரும் அழற்சியும் உண்டு. 35 தாண்டினால் நமக்கெல்லாம் தெரிந்த ரத்தக்குழாய் அடைப்புதான் முதல் எதிரி.

24. உலகம் இதை நேரலையில் பார்த்த நாள் 2003 ஜூன் 26. பிரான்ஸின் லியோன் நகரம், கேமரூன் - கொலம்பியா ஆட்டம். 28 வயது மார்க் விவியன் ஃபோ, பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தில் அப்படியே சரிந்தார். பிழைக்கவில்லை. இதயத் தசை தடித்த நோய் இருந்தது பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகுதான் உலகக் கோப்பை வீரர்களுக்கு முன்கூட்டியே இதயப் பரிசோதனை என்ற ஏற்பாடு 2006ல் வந்தது.

25. நம்ம பக்கம் 2004 டிசம்பர் 5, பெங்களூர். ஃபெடரேஷன் கோப்பை ஃபைனல். டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் தன் இரண்டாவது கோலை அடித்த அதே நொடியில் மோதி விழுந்தார். 25 வயது. இறந்துபோனார். மைதானத்தில் மருத்துவ ஏற்பாடு போதவில்லை என்று அன்றைக்கு நாடே பேசியது. பேசி முடித்துவிட்டு மறந்தது.

26. இப்போது இரண்டு நாட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. 2012 மார்ச் 17, லண்டன். போல்டன் வீரர் ஃபேப்ரிஸ் முவாம்பா, 23 வயது, டாட்டன்ஹாமுக்கு எதிரான ஆட்டத்தில் சரிந்தார். உடனே நெஞ்சு அழுத்தம் தொடங்கினார்கள். பார்வையாளர் கூட்டத்தில் ஆண்ட்ரூ டீனர் என்ற இதய மருத்துவர் ரசிகராக உட்கார்ந்திருந்தார். காவலர்களிடம் கேட்டுக்கொண்டு உள்ளே ஓடினார். முவாம்பாவின் இதயம் தானாகத் துடிக்க 78 நிமிடம் ஆனது. பிழைத்தார். இன்றும் இருக்கிறார்.

27. சரியாக நாலு நாள் கழித்து, 2012 மார்ச் 21, பெங்களூர். உள்ளூர் லீக் ஆட்டம். 27 வயது வீரர் ஒருவர் மைதானத்தில் சரிந்தார். ஆம்புலன்ஸ் இல்லை. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காப்பாற்ற முடியவில்லை.

28. இரண்டு பேருக்கும் நடுவே ஆயிரம் வித்தியாசம் இருக்கலாம். ஆனால் ஒரு வித்தியாசம் மட்டும் பணத்தால் வருவது இல்லை. லண்டனில் விழுந்த நொடியில் இருந்து யாரோ ஒருவரின் கை அவர் நெஞ்சின் மேல் இருந்தது.

29. 2021 ஜூன் 12, கோபன்ஹேகன். டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் சரிந்தபோது முதலில் ஓடி வந்தவர்களில் கேப்டன் சைமன் கேர் ஒருவர். மருத்துவக் குழு வந்து நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்தது. எரிக்சன் எட்டு மாதத்தில் மறுபடி ஆட வந்தார். 2024 ஐரோப்பியக் கோப்பையில் கோலும் அடித்தார். எல்லாம் முதல் சில நிமிடங்களின் புண்ணியம்.

30. இந்தக் கை வைத்தியம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ். கூவன்ஹோவன் என்ற மின்பொறியாளர், நிக்கர்பாக்கர் என்ற அவரது மாணவர், ஜூட் என்ற அறுவை மருத்துவர். நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தபோது, கருவியை நெஞ்சில் அழுத்தும் அழுத்தத்திலேயே ரத்த ஓட்டம் வருவதைக் கவனித்தார்கள். 1960ல் வெளியிட்டார்கள். நெஞ்சைப் பிளக்க வேண்டாம், கத்தி வேண்டாம், ரெண்டு கை போதும் என்பதே அதன் சாரம்.

31. 1960 என்றால் இந்தியக் கால்பந்து அணி கடைசியாக ஒலிம்பிக் ஆடிய வருஷம். அதற்குப் பிறகு நாம் ஒலிம்பிக் கால்பந்துக்குப் போகவே இல்லை. அதே வருஷம் கிடைத்த சிபிஆரும் நம்ம ஊர் மைதானங்களுக்கு இன்னும் முழுசா வந்து சேரவில்லை. சியாட்டில் நகரத்தில் 1972லேயே சாதாரண மக்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

32. ஏன் அவசரம்? இதயம் நின்ற பிறகு யாரும் நெஞ்சை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். பத்து நிமிடம் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. தமிழ்நாட்டில் 108 சேவை 2008ல் வந்தது, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மலைப்பாதையில் எந்த வண்டியும் வளைந்து வளைந்துதான் வர முடியும். அந்த நிமிடங்களை மைதானத்தில் இருப்பவர்கள்தான் தாண்ட வைக்க வேண்டும்.

33. உள்ளூர் ஆட்டத்தில் அங்கே யார் இருக்கிறார்கள்? டாக்டர் இல்லை. நர்ஸ் இல்லை. ஆடுபவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். கோட்டுக்கு வெளியே நீங்க நிற்பீங்க. அந்த மைதானத்தில் இருக்கிற ஒரே மருத்துவக் குழு நீங்கதான்.

34. ஒருவன் யாரும் மோதாமல், தானாகச் சரிந்து, கூப்பிட்டால் எழவில்லை, சரியாக மூச்சு விடவில்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்க. ஒருவர் 108ஐ அழைக்கட்டும். இன்னொருவர் உடனே நெஞ்சின் நடுவில், எலும்பின் மேல், ஒரு உள்ளங்கை மேல் இன்னொரு கை வைத்து, முழங்கையை மடக்காமல், 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்தணும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு மேலே எழும்ப விடணும். ரெண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றணும். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. ஏஇடி கருவி இருந்தால் போட்டுவிடுங்க, அதுவே என்ன செய்யணும்னு சொல்லும். விலா எலும்பு உடைஞ்சிருமோ என்று பயம் வேண்டாம். எலும்பு சேர்ந்துவிடும்.

35. செய்யக்கூடாதது: இதயம் நின்றவுடன் சிலருக்குக் கை கால் வெட்டி இழுக்கும். கொர் கொர் என்று மூச்சுத் திணறும். அதை வலிப்பு என்று நினைத்து சாவிக்கொத்தையும் இரும்பையும் கையில் திணித்துக்கொண்டு உட்காராதீங்க. அந்த ரெண்டு நிமிடம்தான் உயிர். முகத்தில் சோடா அடிப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது, தூக்கி உட்கார வைப்பது எதுவும் வேண்டாம். அழுத்தாமல் பைக்கில் நடுவில் உட்கார வைத்து மலை இறக்காதீங்க.

36. இன்னொன்று, பெத்தவங்களால் மட்டுமே முடிகிற வேலை. இத்தாலியில் 1982ல் இருந்து போட்டி விளையாட்டுக்கு முன் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் இதய மரணம் அதன் பிறகு 89 சதவீதம் குறைந்தது. உடல் பரிசோதனை, ஈசிஜி இவற்றோடு அங்கே முக்கியமாகக் கேட்பது குடும்ப வரலாறு.

37. அந்த வரலாறு எந்த மெஷினிலும் இல்லை. உங்க ஞாபகத்தில்தான் இருக்கு. "உங்க சித்தப்பா முப்பது வயசுல தூங்கினவர் எந்திரிக்கல", "பெரியம்மா பையன் கிணத்துல குளிக்கறப்போ போயிட்டான், நீச்சல் தெரிஞ்சவன்". நாம் இதையெல்லாம் விதி, காத்து கருப்பு என்று மூடி வைத்திருப்போம். மூடி வைக்காதீங்க. ரத்த சொந்தத்தில் 50 வயசுக்குக் கீழே யாராவது திடீரென்று இறந்திருந்தால் மகனிடம் சொல்லுங்க, டாக்டரிடம் சொல்லுங்க. ஒரு ஈசிஜி, தேவைப்பட்டால் எக்கோ.

38. மகனிடம் கேட்க வேண்டியது நாலே நாலு. ஓடும்போது எப்பவாவது மயங்கி விழுந்திருக்கியா? ஓடும்போது நெஞ்சு வலி வருதா? கூட ஆடறவங்களைவிட ரொம்ப முன்னாடியே மூச்சு வாங்குதா? காரணமே இல்லாமல் நெஞ்சு தாறுமாறா அடிக்குதா? ஒன்றுக்கு "ஆமா" என்றாலும் பரிசோதனை முடியும் வரை பந்தைத் தொடக் கூடாது. காய்ச்சல் இருந்தாலும் தொடக் கூடாது. காய்ச்சல் விட்ட மறுநாளே ஃபைனல் என்று இறங்குவதும் வேண்டாம்.

39. டோர்னமென்ட் நடத்துகிற தம்பிகளுக்கு: கோப்பைக்கு, மைக் செட்டுக்கு, பேனருக்குக் காசு ஒதுக்குறீங்க. அதோடு ஆட்டத்துக்கு முன்னாடி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, அரை மணி நேரம் சிபிஆர் செய்து காட்டச் சொல்லுங்க. ஆடுறவங்க மட்டும் இல்லை, பார்க்க வந்த அம்மா அப்பாவும் கற்கட்டும். ஒரு வண்டியும் ஒரு ஓட்டுநரும் ஆட்டம் முடியும் வரை அங்கேயே நிற்கட்டும்.

40. இனி அந்த அப்பாவுக்குப் பதில். அய்யா, வேண்டாம்னு சொல்லாதீங்க. வாரம் ஒருநாள் ஓடுகிற உங்க மகன், உட்கார்ந்தே இருக்கிற மகனைவிட நல்லா இருப்பான். வாரத்தில் இன்னும் ரெண்டு நாள் கொஞ்சம் ஓடச் சொல்லுங்க. ஒரே நாள் மொத்தமாக ஓடுவது உடம்புக்குப் பாரம். அந்த நாலு கேள்வியைக் கேளுங்க. குடும்பத்தில் நடந்ததைச் சொல்லுங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே ஒருநாள் செம்மேடு அரசு மருத்துவமனைக்குப் போய், உங்களுக்குப் பிரஷர், சுகர், ஈசிஜியும் அவனுக்கு ஒரு ஈசிஜியும் எடுத்துட்டு வாங்க. போற வழியில் பேச உங்களுக்கும் ஒரு விஷயம் கிடைக்கும்.

41. சிபிஆர் கத்துக்கோங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை வழக்கம் போலப் போங்க. நிழல் இருக்கிற பக்கமா நில்லுங்க, தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்க. ரெஃப்ரியைத் திட்டுறதை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க, பிரஷர் ஏறும்.

பந்து விளையாடும் பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு இந்த த்ரெட்டை அனுப்புங்க.